அடிமண் எங்கே இருக்கிறது?
வீடு கட்டுவோர் கேள்வி – பதில்

இந்த முறை குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள்தான் அதிகம். அருமனை, குலசேகரம், கருங்கல், மார்த்தாண்டம் என்று ஊர் வேறு வேறாக இருந்தாலும் விஷயம் ஏறத்தாழ ஒன்றுதான்: சரிவில் இடம் வாங்கியாச்சு, மண் போட்டு மட்டம் பண்ணியாச்சு, இனி என்ன செய்வது? அதனால் இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குளியலறை டைல்ஸ் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: அருமனை பக்கம் 8 சென்ட் வாங்கியிருக்கிறோம். ரப்பர் நின்ற விளை. விற்றவர் மேல்பக்கத்தை ஜேசிபி வைத்து இடித்து, அந்த மண்ணையே கீழ்ப்பக்கம் தள்ளி மட்டமாக்கித் தந்தார். கீழ் எல்லையில் பத்தடி உயரத்துக்குக் கருங்கல் சுவர் கட்டியிருக்கிறார். நாங்கள் போட்ட பிளான்படி வீட்டின் முன்பாதி வெட்டிய பக்கமும் பின்பாதி நிரப்பிய பக்கமும் வருகிறது. கொத்தனார், "ரெண்டு மழை நனைஞ்சாச்சு, மண்ணு நல்லா இருந்துட்டு, தைரியமா வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டலாம்" என்கிறார். சிவில் படித்த என் மச்சினன் வேண்டாம் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், அருமனை

பதில்: மச்சினன் பேச்சை.

கொத்தனாரைக் குறை சொல்லவில்லை. நம் ஊரில் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொல்கிறார். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, ஒரே வருஷத்தில் இரண்டு தடவை மண் ஊறுகிறது, அதனால் தானாகவே இறுகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. மழை, மேலாக இருக்கிற இரண்டடி மண்ணை அமர்த்தும், அது உண்மை. ஆனால் பத்தடி ஆழத்துக்குக் கட்டி கட்டியாகச் சரித்துத் தள்ளிய செம்மண்ணின் அடிப்பாகத்தில் கட்டிகளுக்கு நடுவே இருக்கிற பொந்துகள் அப்படியே இருக்கும். காய்ந்திருக்கும்வரை அந்தக் கட்டிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும், பார்ப்பதற்குக் கெட்டியாகவும் இருக்கும். வீட்டுப் பாரமும் ஏறி, ஒரு குழாய்க் கசிவோ பெருமழையோ தண்ணீரை அடிவரைக்கும் கொண்டுபோகும்போது கட்டிகள் கரைந்து பொந்துகள் மூடும். அப்போது தரை இறங்கும். மொத்த ஆழத்தில் ஐந்து சதவீதம் இறங்கினாலே பத்தடியில் ஆறு அங்குலம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் ஒரே நாளில் இறங்கித் தொலைத்தால்கூடப் பரவாயில்லை, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

ஜேசிபி மேலே ஓடியதே, அது போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். ஜேசிபியின் டயர் ஏறிய தடத்தில் மேல் ஓரடி இறுகியிருக்கும். அதற்குக் கீழே அந்த அழுத்தம் போய்ச் சேராது.

உங்கள் பிளானில் இன்னொரு பெரிய சிக்கல், வீடு பாதி வெட்டிலும் பாதி நிரப்பிலும் உட்காருவது. முழு வீடும் ஒரே மாதிரி அரை அங்குலம் இறங்கினால் யாருக்கும் தெரியக்கூடச் செய்யாது. ஒரு பாதி அசையாமல் நிற்க மறுபாதி இறங்கினால்தான் சுவர் கிழியும். வெட்டும் நிரப்பும் சந்திக்கிற கோட்டுக்கு நேர் மேலே, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல். மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற வழியில் புது வீடுகளின் பக்கச்சுவரைக் கவனித்துப் பாருங்கள், அந்த விரிசல் கண்ணில் படாமல் போகாது. சிலர் அதன்மேல் புட்டி போட்டுப் பெயின்ட் அடித்திருப்பார்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பழைய தரை, அதாவது ஜேசிபி கை வைக்காத அடிமண், எந்த ஆழத்தில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பக்கத்து விளையில் இன்னும் ரப்பர் நிற்கிறது என்றால் பாதி வேலை முடிந்தது. உங்கள் எல்லையை ஒட்டிய வரிசையில் ஒவ்வொரு மூட்டின், அதாவது மரத்தின், அடியையும் குறித்துக்கொண்டு, டியூப் லெவல் பிடித்து நூல் கட்டினால் பழைய சரிவு எப்படி இறங்கியது என்று அப்படியே தெரிந்துவிடும். அடுத்தாற்போல் நிரப்பிய பக்கத்தில் இரண்டு மூன்று இடத்தில் ஜேசிபியால் ஆழக் குழி எடுத்துப் பாருங்கள். ஆள் இறங்க வேண்டாம், மேலே நின்று பார்த்தால் போதும். நிரப்பிய மண் கலவையாக, நிறம் மாறி மாறி, நடுவே வேரும் மட்டையும் பிளாஸ்டிக் தாளுமாக வரும். பிறகு ஒரு கறுத்த அடுக்கு வரும். அது பழைய மேல்மண், இலை மக்கிய மண். அதற்கும் கீழே ஒரே சீராக, பக்கெட்டின் பல் கீறினால் வரிவரியாகத் தடம் நிற்கிற செம்மண்ணோ சரளையோ வெட்டுக்கல் பாறையோ வந்தால், அதுதான் உங்கள் அடிமண். அந்தக் கறுத்த அடுக்கைச் சுரண்டாமலேயே மேலே மண்ணைத் தள்ளியிருந்தார்கள் என்றால் ஒன்று புரிந்துகொள்ளுங்கள்: மொத்த நிரப்பும் ஒரு வழுக்குப் பலகையின் மேல் நிற்கிறது. மழையில் ஊறினால் மண் முதலில் நழுவுவது அந்த இடத்தில்தான். ரப்பர் மூடுகளைப் பிடுங்காமல் உள்ளே போட்டு மூடியிருந்தால் அதுவும் கூடச் சேர்ந்தது. மூடு மக்கினால் அந்த இடம் பொந்தாகும், அதுவரைக்கும் சிதலுக்கு (கரையானுக்கு) சாப்பாடு.

அடிமண் தெரிந்த பிறகு மூன்று வழி இருக்கிறது.

எனக்குப் பிடித்தது, வீட்டை முன்னுக்குத் தள்ளி முழுக்க வெட்டிய பக்கத்தில் வைப்பது. 8 சென்ட் என்பது சுமார் 3,480 சதுர அடி. அதில் பாதி வெட்டுப் பக்கம் என்றாலும் கீழே 900 சதுர அடி வைத்து மேலே ஒரு மாடி எடுத்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். நிரப்பிய பக்கம் முற்றமாகவும் தோட்டமாகவும் இருக்கட்டும். வாழை வைக்க நல்ல இடம். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. மேல்பக்கம் வெட்டி நிறுத்திய மண்திட்டை ஒட்டிச் சுவர் எழுப்பிவிடாதீர்கள். திட்டின் உயரத்தில் பாதி அளவாவது இடம் விட்டு, திட்டின் அடியில் ஒரு ஓடை எடுத்து, மேலிருந்து வரும் தண்ணீரை வீட்டைச் சுற்றி வெளியே கொண்டுபோக வேண்டும். பெருமழைக் காலத்தில் நம் மாவட்டத்தில் வீட்டின் பின்சுவர் மேல் திட்டு சரிந்து விழுந்த செய்தி ஏறத்தாழ ஒவ்வொரு வருஷமும் வருகிறது. இரவில் அந்தப் பக்கத்து அறையில் படுத்திருப்பவர்கள் யார் என்று யோசித்து அறையை அமையுங்கள்.

இரண்டாவது வழி, தூண்களை நிரப்பு மண்ணைத் தாண்டி அடிமண்ணுக்குள் இறக்குவது. ஃபுட்டிங், அதாவது தூணின் அடியில் அகலமாகப் போடுகிற கான்கிரீட் பாதம், அடிமண்ணுக்குள் குறைந்தது ஒன்றரை அடியாவது புதைய வேண்டும். எல்லாத் தூணையும் தரைமட்டத்தில் பிளின்த் பீம் கொண்டு கட்ட வேண்டும். தூண் உயரமாகப் போவதால் நடுவிலும் ஒரு வரிசை பீம் தேவைப்படலாம். சரிவில் ஒரு பக்கத் தூண் குட்டை, மறுபக்கத் தூண் நெட்டை என்று வருவதால் இதைக் கொத்தனார் கணக்கில் விட முடியாது, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் வரைபடம் கட்டாயம். இந்த வழியில் போவதாக இருந்தால் எதற்கு வீட்டுக்கு அடியில் அந்த மண்? வாரி வெளியே போட்டுவிட்டு, அங்கே கீழ்த்தளமாக ஒரு அறையோ வண்டி நிறுத்தும் இடமோ எடுத்துக்கொள்ளலாமே. சரிவு கொடுக்கிற இடத்தை மண் போட்டு மூடுவது எனக்கு எப்போதுமே கைக்காசை நஷ்டப்படுத்துகிற வேலையாகத்தான் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தளர்ந்த மண்ணில் பத்தடிக் குழி எடுத்து, பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கிக் கம்பி கட்டச் சொல்வது கொலைக்குச் சமம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. நெஞ்சு வரை மூடினாலே மூச்சு விட முடியாது. பலகை முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது குழியை மேலே அகலமாகச் சரித்து எடுக்க வேண்டும்.

மூன்றாவது வழி, போட்ட மண்ணை முழுக்க வாரியெடுத்து, முறைப்படி திரும்ப நிரப்புவது. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

அந்தப் பத்தடிச் சுவரை யார் கணக்குப் போட்டுக் கட்டினார்கள் என்றும் விசாரியுங்கள். சுவரின் உயரம் இரண்டு மடங்கானால் மண்ணின் தள்ளல் நான்கு மடங்காகும், சுவரைக் கவிழ்க்கிற திருப்புவிசை எட்டு மடங்காகும். ஐந்தடிக் கய்யாலை கட்டிப் பழகிய கை, அதே கனத்தில் பத்தடி கட்டினால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும். வெறும் கருங்கல் சுவர், தன் எடையால் மட்டும் நிற்க வேண்டியது, அடியில் உயரத்தின் பாதிக்குக் குறையாத அகலம் வேண்டும். பத்தடிக்கு அடியில் ஐந்தடிக்கு மேல். உங்கள் சுவர் அடியில் இரண்டடிதான் என்றால், அதன் பின்னால் வீட்டுப் பாரத்தை வைப்பது பற்றிப் பேச்சே வேண்டாம்.

கேள்வி: மண் போடாமல் தீராத இடம் எங்களுடையது. ரோட்டைவிட வீட்டுமனை நான்கரை அடி தாழ்வு, பின்னால் இன்னும் சரிவு. எப்படிப் போட்டால் மேலே அஸ்திவாரம் தாங்கும்? தண்ணீர் கட்டி நிறுத்தினால் மண் செட்டாகும் என்கிறார்களே?
– வாசகி, கருங்கல்

பதில்: நான்குவழிச் சாலை வேலை நடக்கிற இடம் ஏதாவது பார்த்திருப்பீர்கள் அம்மா. அங்கே மலை மாதிரி மண் கொட்டுகிறார்கள், அதன்மேல் பெரிய பெரிய லாரிகள் ஓடப்போகின்றன, அது தாங்கத்தானே வேண்டும்? எப்படிப் போடுகிறார்கள் என்று அரைமணி நேரம் நின்று பாருங்கள். கொட்டி, கிரேடரால் மெல்லிசாகப் பரப்பி, டேங்கர் லாரியில் தண்ணீர் தெளித்து, ரோலரை ஓட்டி, சோதித்து, பிறகுதான் அடுத்த அடுக்கு. நிரப்பு மண்ணின் மேல் பாரம் ஏற்றவே கூடாது என்பதில்லை. இப்படி அடுக்கடுக்காகப் போட்ட மண்ணில் ஏற்றலாம். வீட்டுமனையில் இதே வேலையைச் சின்ன அளவில் செய்ய வேண்டும்.

முதலில் மேல்மண், புல், வேர், மூடு எல்லாவற்றையும் சுரண்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு சரிவைப் படிபடியாக வெட்டுங்கள். ரப்பர் நடத் தட்டு வெட்டுவது போலவேதான், ஒவ்வொரு படியும் லேசாக மலைப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். சரிவின் மேல் அப்படியே மண் போட்டால் நழுவும். படியில் போட்டால் உட்காரும். ஊற்று கசிகிற இடம் இருந்தால் அதை மூடுவதற்கு முன் ஜல்லியும் ஓட்டைக் குழாயும் வைத்துத் தண்ணீரை வெளியே கொண்டுபோகும் வழி செய்துவிடுங்கள்.

மண் எது என்றால், சரளை கலந்த செம்மண் நன்று, கிரஷர் பொடி கலந்தால் இன்னும் நன்று. வெட்டுக்கல் பாறைக்குக் கீழே சில இடத்தில் வெள்ளையும் மஞ்சளும் கலந்து மாவு போல ஒரு களி வரும், காய்ந்தால் கட்டி, நனைந்தால் சேறு. அதைத் தொடவே வேண்டாம். இடித்த வீட்டுக் கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்று டிப்பர்காரர் கொண்டுவந்து கொட்டினால் திருப்பி அனுப்புங்கள், அல்லது தோட்டத்துக் குழியில் போடச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு அடுக்கும் தளர்வாக ஆறு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இறுகியபின் அது ஐந்து அங்குலமாகும். நான்கரை அடிக்குப் பத்துப் பன்னிரண்டு அடுக்கு வரும். சரளை மண்ணுக்கு அதிரும் தட்டு காம்பாக்டர் போதும். களி கலந்த மண் என்றால் குதித்துக் குத்துகிற எர்த் ரேமர்தான் வேலை செய்யும். இரண்டுமே நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. இடம் இருந்தால் ஒரு டன் சின்ன ரோலர் எல்லாவற்றையும்விட மேல். மரக்கட்டையால் தட்டுவதும், ஆட்களை வரிசையாக மிதிக்க விடுவதும் கணக்கில் சேராது.

ஈரம்தான் இதில் ரகசியம். 1933இல் ப்ராக்டர் என்கிற அமெரிக்கப் பொறியாளர் காட்டிய விஷயம் இது: ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட ஈரத்தில்தான் அதிகபட்சமாக இறுகும் தன்மை உண்டு. காய்ந்த மண்ணில் துகள்கள் நகராது, அதிகம் நனைந்தால் தண்ணீரே இடத்தை அடைத்துக்கொள்ளும். நம் வீட்டில் புட்டுக்கு மாவு நனைக்கிற பதம் உங்களுக்குத் தெரியும், அதே பதம்தான். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் இரண்டு மூன்றாக உடைய வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள், பிசுபிசுத்தால் ஒருநாள் காயவிடுங்கள். அதனால்தான் இந்த வேலையை ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன். நமக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் தோதான காலம்.

தண்ணீர் கட்டி நிறுத்துவது சுத்தமான மணலுக்குச் சரி. பேஸ்மென்ட் உள்ளே மணல் நிரப்பித் தண்ணீர் விட்ட காலத்துப் பழக்கம் அது. செம்மண்ணில் அதைச் செய்தால் மேலே சேறும் கீழே காய்ந்த கட்டியுமாகத்தான் கிடைக்கும்.

சோதனையை விட்டுவிடாதீர்கள். ப்ராக்டர் சோதனையில், அதாவது உங்கள் மண்ணை ஆய்வகத்தில் வேறு வேறு ஈரத்தில் இறுக்கிப் பார்க்கிற சோதனையில், வந்த அதிகபட்ச உலர் அடர்த்தியில் 95 சதவீதமாவது தளத்தில் வர வேண்டும் என்பது பொதுவாகக் கேட்கப்படுகிற அளவு. பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள, ஒரு லிட்டர் கொள்ளளவு உள்ள இரும்பு உருளையை அடித்து இறக்கி, உள்ளே வந்த மண்ணை நிறுத்துப் பார்ப்பது ஒரு முறை. சரளை அதிகமிருந்தால் உருளை இறங்காது, அப்போது குழி எடுத்து அதில் மணல் ஊற்றி அளக்கிற முறை. மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, மண் ஆய்வகம் உள்ள கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். எல்லா அடுக்குக்கும் முடியாவிட்டாலும் மூன்று நான்கு அடுக்குக்கு ஒருமுறை செய்தாலே ஒப்பந்ததாரர் ஒழுங்காக வேலை செய்வார். எல்லாம் முடிந்தபின் மேலே மட்டும் சோதிப்பதில் பிரயோஜனம் இல்லை. கீழே புதைந்த அடுக்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கடைசியாக, அஸ்திவாரத்தைச் சரிவின் ஓரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஐ.எஸ். 1904 என்கிற இந்தியத் தரநிலைப்படி, மண்ணாக இருந்தால் ஃபுட்டிங்கின் கீழ் ஓரத்திலிருந்து சரிவின் முகம்வரை கிடைமட்டமாகக் குறைந்தது 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அந்த ஓரத்திலிருந்து கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வில் கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்தால் அது வெளியே வராமல் மண்ணுக்குள்ளேயே போக வேண்டும். நிரப்பு மண்ணில் நான் இதைவிட இன்னும் தாராளமாக இடம் விடச் சொல்வேன்.

கேள்வி: வீடு கட்டி மூன்று வருஷம். தூணும் பீமும் போட்டுத்தான் கட்டினோம், சுவரில் பெரிய விரிசல் இல்லை. ஆனால் பின்பக்க அறையில் டைல்ஸ் தாழ்ந்து, சுவருக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. நடுவில் கட்டிய நாலரை அங்குலச் சுவர் மட்டும் வெடித்திருக்கிறது. தூண் இறங்குகிறதா?
– வாசகர், மார்த்தாண்டம் அருகே

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் தூண் இறங்கவில்லை, தரைதான் இறங்குகிறது. இது நம் பக்கம் ரொம்ப சகஜம். தூணை அடிமண் வரைக்கும் இறக்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், ஆனால் தரையை மட்டும் நிரப்பிய மண்ணின் மேலேயே கான்கிரீட் போட்டு முடித்துவிடுவார்கள். வீடு தூண்மேல், தரை மண்மேல். நடுச்சுவரை பீம்மேல் கட்டாமல் தரைமேல் கட்டியதால் அதுவும் தரையோடு போகிறது.

முதல் வேலையாகத் தண்ணீரைத் தேடுங்கள். தரை இறங்கும்போது அடியில் போகிற கழிவறைக் குழாய் இணைப்பு விலகும், விலகினால் தண்ணீர் உள்ளே போகும், தண்ணீர் போனால் தரை இன்னும் இறங்கும். அந்த வட்டத்தை முதலில் அறுக்க வேண்டும். குழாயை மாற்றும்போது தரைக்கு அடியில் புதைக்காமல் வெளிச்சுவர் வழியாகவோ பிளின்த் பீமில் தொங்கவிட்டோ கொண்டுபோங்கள். விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்து ஒரு மழைக்காலம் பாருங்கள். நுனி நகரவில்லை என்றால் டைல்ஸைக் கிளப்பி, தாழ்ந்ததை நிரப்பி மறுபடி பதித்தால் போதும். நகர்கிறது என்றால் அந்த அறையின் தரையை உடைத்து, பீமிலிருந்து பீமுக்குத் தாங்குகிற கம்பி கட்டிய தளமாகவே போட வேண்டியிருக்கும். இருக்கிற பீம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று எஞ்சினியர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டை போட்டு சிமென்ட் பால் இறக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது வந்தால், அந்தப் பால் எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது, மண்ணைப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் கவனிக்க: ஆழமாக நிரப்பிய இடத்தில் தூண் போட்டால் மட்டும் போதாது, தரையையும் தூண்தான் தாங்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கீழ்ப்பக்கத் தடுப்புச்சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. மழை நேரத்தில் கல் இடுக்கில் கலங்கல் தண்ணீர் வருகிறது. வெளியே பூசிவிட்டால் நிற்குமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: பூசாதீர்கள்! வருகிற கொஞ்சத் தண்ணீரும் அடைபட்டால் சுவர் சீக்கிரம் விழும். ஓட்டை விடாத சுவருக்குப் பின்னால் மண் முழுக்க ஊறினால் தள்ளல் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். கலங்கல் வருகிறது என்றால் மண்ணும் சேர்ந்து வெளியேறுகிறது என்று பொருள், பின்னால் பொந்து விழுந்துகொண்டிருக்கிறது.

கட்டும்போதே மூன்று நான்கு அடிக்கு ஒன்றாக, மூன்று அங்குல பிவிசி குழாய் வைத்து, சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பியிருந்தால் இது வந்திருக்காது. குழாய் மட்டும் வைத்து ஜல்லி போடாமல் விடுகிறவர்களும் உண்டு, ஒரே மழையில் குழாய் அடைத்துக்கொள்ளும். இப்போது செய்ய வேண்டியது, சுவரின் மேற்பக்கத்தில் பாரத்தைக் குறைப்பது: அடுக்கி வைத்த கல், செங்கல், வண்டி எல்லாவற்றையும் எடுங்கள், மேல் மண்ணையும் முடிந்த அளவு வாருங்கள். மொட்டைமாடித் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் இறங்கும், அதை நிரப்பிய மண்ணில் விட்டுவிட்டுச் சுவரைக் குறை சொல்ல முடியாது. உறிஞ்சுகுழியும் அந்தப் பக்கம் இருந்தால் மாற்றுங்கள். வயிறு தள்ளுவது நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் சுவருக்குக் கீழே ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு எஞ்சினியரைக் கூப்பிடுங்கள், அந்த நிலையில் நீங்களே துளை போட முயல வேண்டாம். கீழ்வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், இருந்தாலும் சொல்லுங்கள்.

கேள்வி: எங்க தாத்தா திருவட்டார் பக்கம் சரிவில் கட்டிய வெட்டுக்கல் வீடு எண்பது வருஷமா நிற்கிறது. எஞ்சினியரும் இல்லை, மண் சோதனையும் இல்லை. நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள்.
– வாசகர், பெயர் எழுதவில்லை

பதில்: தாத்தா மண் போட்டு நிரப்பிக் கட்டியிருந்தால் எழுதுங்கள், வந்து பார்க்கிறேன். அந்தக் காலத்தில் ஜேசிபி கிடையாது, பத்தடி மண் சுமந்து நிரப்புகிற பைத்தியக்காரத்தனம் யாருக்கும் தோன்றவும் தோன்றாது. விளையில் கெட்டியான இடம் பார்த்து, சரிவோடு சேர்த்துத் தட்டு வெட்டி, வெட்டிய தரையில் அஸ்திவாரம் போட்டார்கள். அறைக்கு அறை படி ஏறி இறங்குகிற பழைய வீடுகள் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கூரை ஓடு. 12 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ வருகிறது, ஓட்டுக்கூரை மரத்தோடு சேர்த்தும் அதில் கால்பங்கு அளவுதான். சுண்ணாம்புச் சாந்தும் சிமென்ட் மாதிரி விறைப்பானதல்ல, சுவர் கொஞ்சம் அசைந்தால் விட்டுக்கொடுக்கும். தாத்தாவுக்கு மண்ணைத் தெரிந்திருந்தது. நான் கேட்பதும் அதைத்தான், நாம் குழி எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

கேள்வி: சொந்த இடத்தில் மண் வெட்ட அனுமதி வேண்டுமா?
– வாசகி, பேச்சிப்பாறை

பதில்: வேண்டியிருக்கும், ஜேசிபியைக் கூப்பிடுவதற்கு முன்பே விசாரியுங்கள். நம் மாவட்டத்தில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட கிராமங்கள் இருக்கின்றன, அங்கே கட்டுவதற்கும் மண் வெட்டுவதற்கும் தனி ஒப்புதல் உண்டு. உங்கள் சர்வே எண் அதில் வருகிறதா என்று ஊராட்சியிலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் கேளுங்கள். வெட்டிய மண்ணை வெளியே கொண்டுபோனால் கனிமவளத் துறையின் அனுமதி தனி. இரவோடு இரவாக முடித்துவிடலாம் என்று டிப்பர்காரர் சொல்வார், வண்டி பிடிபட்டால் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அலைய வேண்டும்.

கேள்வி: வீடு முழுக்க வெட்டுப் பக்கம் வைத்துவிட்டோம். கார் போர்ச் மட்டும் நிரப்பிய பக்கம் வருகிறது. போடலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: தாராளமாக. ஆனால் போர்ச் தளத்தை வீட்டு பீமோடு கம்பி போட்டு இணைக்காதீர்கள். இடையில் ஓரங்குல இடைவெளி விட்டுத் தனியாகவே நிற்கட்டும், அது இறங்கினால் வீட்டை இழுக்காது. தூண் நான்கும் அடிமண் வரை போக வேண்டும். தரைக்குக் கான்கிரீட் வேண்டாம், இன்டர்லாக் கல் பதியுங்கள். இரண்டு வருஷம் கழித்து எங்காவது தாழ்ந்தால் அந்த இடத்துக் கல்லை மட்டும் கிளப்பி, கிரஷர் பொடி போட்டுத் தட்டி, அதே கல்லைத் திரும்பப் பதித்துக்கொள்ளலாம்.